ஜிம்னியும் எங்கள் தோட்டத்து ஜீப் பாதையும்: இரண்டு மழைக்காலத்துக்குப் பிறகு

தாண்டிக்குடிக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம் இருக்கிறது. தார் ரோட்டை விட்டு இறங்கினால் மூன்று கிலோமீட்டர் ஜீப் பாதை. காப்பிப் பழம் பழுக்கத் தொடங்குவதும் வடகிழக்குப் பருவமழை கொட்டுவதும் ஒரே சமயத்தில்தான், அதனால் மழை விட்ட பிறகு போகலாம் என்று உட்கார முடியாது. 2023-ல் மாருதி சுசுகியின் நாலு சக்கர இழுவை வண்டியான ஐந்து கதவு ஜிம்னி வந்ததும் வாங்கினேன். இப்போது 34,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது.

காகிதத்தில் பார்த்தால் 134 நியூட்டன் மீட்டர் டார்க், அதாவது எஞ்சினின் திருப்பு விசை, பெரிய விஷயமே இல்லை. ஆனால் வண்டி சுமார் 1,200 கிலோதான். முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் என்ற கூடுதல் கியர் பெட்டியை லோவில் போட்டால் இழுவை ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. நடக்கிற வேகத்தில் கல்மேல் கல்லாக ஏறிப் போகும்.

முதல் மழைக்காலத்திலேயே சிக்கினேன். ஓடை அறுத்த ஒரு வளைவில் முன் வலதும் பின் இடதும் அந்தரத்தில் தொங்கின. இடது, வலது சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் சாதாரண டிஃப்பரன்ஷியல் சும்மா சுற்றுகிற சக்கரத்துக்கே சக்தியை விடும், அதனால் நாலு சக்கர இழுவை என்பது அந்த இடத்தில் வெறும் பேச்சு. ஜிம்னியில் சுற்றும் சக்கரத்தை மட்டும் பிரேக் பிடித்து, சக்தியை எதிர்ப் பக்கம் தள்ளுகிற ஏற்பாடு உண்டு. எனக்கு அது வேலை செய்யவே இல்லை. காரணம் நான்தான். சக்கரம் சுற்றியதும் பயந்து ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுத்துக்கொண்டே இருந்தேன். ஒரே சீராக மிதித்து இரண்டு நொடி பொறுத்தால் கடகடவென்று சத்தம் கேட்கும், அப்புறம் வண்டி நகரும். அன்றைக்கு அது தெரியாமல் பக்கத்துத் தோட்டத்து ஜீப்பில் கயிறு கட்டித்தான் வெளியே வந்தேன்.

அந்த ஜீப் ஓட்டும் அண்ணன் இறக்கத்தைப் பார்த்து ஒன்று சொன்னார்: "லோல ஒண்ணாம் கியர் போட்டு, கிளட்ச், பிரேக் எதையும் தொடாம காலைத் தரையில வச்சுக்குங்க தம்பி." நாலு சக்கர இழுவை ஏறுவதற்குத்தான் உதவும், பிரேக் பிடிப்பதற்கு இல்லை. சேற்று இறக்கத்தில் பிரேக்கை அழுத்தினால் வண்டி சறுக்கு மரமாகிவிடும். இதற்கென்று, இறக்கத்தில் வேகத்தைத் தானே கட்டுப்படுத்தும் ஹில் டிசென்ட் பொத்தான் இருக்கிறது, நான் தொடுவதே இல்லை. எஞ்சின் பிடிமானமே போதும்.

பணம் செலவழிப்பதாக இருந்தால் முதலில் டயருக்குத்தான். ரோடு டயரின் வெட்டுகளில் செம்மண் களி அப்பிக்கொண்டால் நாலு சக்கரமும் மொட்டைதான். 20,000 கிலோமீட்டரில் அதே 195/80 ஆர்15 அளவில் மண்ணிலும் ரோட்டிலும் ஓடுகிற ஆல்-டெரெய்ன் டயர் போட்டேன். பாதை தொடங்கும் இடத்தில் காற்றழுத்தத்தை 18 psi-க்கு இறக்குவேன். திரும்பி வந்து தார் ரோட்டில் மறுபடி ஏற்ற ஒரு சின்ன பம்ப் வண்டியிலேயே கிடக்கிறது. மைலேஜ் லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் குறைந்தது, இரைச்சலும் கூடியது. சரி, போகட்டும்.

இன்னொன்று, தார் ரோடு வந்ததும் மறக்காமல் டூ-வீலுக்கு, அதாவது இரண்டு சக்கர இழுவைக்கு, மாற்ற வேண்டும். நடுவில் டிஃப்பரன்ஷியல் இல்லாத வண்டி இது, அதனால் நாலு சக்கர இழுவையில் வளைவில் முன், பின் அச்சுகள் வேறு வேறு வேகத்தில் சுற்ற முடியாது. ஒருமுறை மறந்துபோய் வத்தலக்குண்டு பக்கம் இறங்கினேன். முதல் கொண்டை ஊசி வளைவிலேயே யாரோ பின்னால் பிடித்து இழுப்பது போல இருந்தது.

குறை என்றால் இடம்தான். பின் சீட்டை நிமிர்த்தி வைத்தால் டிக்கி 208 லிட்டர். பழ மூட்டை ஏற்ற இன்னும் அந்த அண்ணனின் ஜீப்தான் வருகிறது.