வாசல் வால்வைத் திறக்க 9,450 ரூபாய்

செங்கோட்டை, புளியரை, பண்பொழி பக்கம் பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறந்து குடியேறப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் பிளம்பரைக் கூப்பிடுங்கள். நான் ஏமாந்த கதைதான். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

அப்பா போனபிறகு எங்கள் வீடு இரண்டு வருஷம் பூட்டிக் கிடந்தது. ஆரியங்காவு கணவாய்க் காற்றும் சாரலுமாக இருந்த ஒரு ஆனி வாரத்தில் நானும் மகளும் வந்து திறந்தோம். எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள் விடிகாலையில் தண்ணீர் விடுவார்கள். மறுநாள் முறை. எதிர்வீட்டு மைனி குடம் குடமாகப் பிடிக்கிறார், எங்கள் முற்றத்துக் குழாயில் ஒரு சொட்டு இல்லை. மீட்டர் பக்கத்து வால்வை மூடித் திறந்து பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. கிணறு இருந்ததால் அன்றைய பாடு கழிந்தது.

பஜாரில் விசாரித்து, அடுத்த நாள் காலை ஒரு பிளம்பர் வந்தார். பேர் வேண்டாம். வாய் நிறைய அக்கா, அக்கா என்று நல்ல பேச்சு. வாசலில் குனிந்து ஏதோ பார்த்தார், உள்ளே வந்தார், குழாயைத் திருகிக் காதை வைத்துக் கேட்டார். “திருவிதாங்கூர் காலத்துப் பைப்புக்கா. உள்ள பூரா துரு அடைச்சிருக்கும். தோண்டினாத்தான் வழி” என்றார். வீடு அந்தக் காலத்து வீடுதான். 1956 நவம்பர் 1 அன்றுதான் செங்கோட்டை திருவிதாங்கூரை விட்டு இந்தப் பக்கம் வந்தது, எங்கள் வீடு அதற்கும் மூத்தது. அந்தப் பேரைக் கேட்டதும் தலையாட்டிவிட்டேன். குழாய் இணைப்பு அப்பா 1994-ல் வாங்கியது என்பது அப்போது உறைக்கவில்லை.

அன்று தண்ணீர் முறை இல்லாத நாள். அவருக்கு அது எவ்வளவு வசதி என்று பிறகுதான் புரிந்தது. வாசலிலிருந்து முற்றம் வரை தோண்டி, இரும்புப் பைப்பை அறுத்தெடுத்து பிளாஸ்டிக் பைப் போட்டார்கள். மறுநாள் விடிகாலை தண்ணீர் பீய்ச்சி அடித்தது. எனக்கு ஒரே சந்தோஷம். காப்பி போட்டுக் கொடுத்தேன், அது வேறு. கணக்கு வந்தது: அடைப்பு எடுக்க 2,500, ஃபெரூல் மாற்ற 1,800, பைப்பும் வால்வும் 1,950, இரண்டு ஆளுக்கு இரண்டு நாள் கூலி 3,200. மொத்தம் 9,450. பேரம் பேசாமல் கொடுத்தேன்.

வேலை நடக்கும்போது எடுத்த படங்களை ஷார்ஜாவில் இருக்கும் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தேன். ஒரு வாரம் கழித்துக் கூப்பிட்டான். “அக்கா, மொத படத்துல வாசக் குழியில ஸ்பேனர் மாட்டியிருக்கே, அது என்ன?”

போய்ப் பார்த்தேன். வாசற்படிக்கு வெளியே, தெருவோரத்தில், பலகைக் கல்லுக்குக் கீழே ஒரு குழி. சாரல் மண் பாதி மூடியிருந்தது. உள்ளே வீல் இல்லாத ஒரு வால்வு, மேலே மொட்டைத் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டு. நான் ஏதோ பழைய கம்பி என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறேன். “பூட்டிட்டு வரும்போது நான்தானே அதை அடைச்சேன். பிள்ளைங்க திருகிரக் கூடாதுன்னு வீலைக் கழட்டி மச்சுல வச்சேன். உங்கிட்ட சொல்ல மறந்துட்டேன்க்கா” என்றான். வீல் மச்சில்தான் இருந்தது, ஒரு பழைய சாக்கில் சுற்றி.

ஸ்பேனர் மாட்டிய படம் காலை 8.10-க்கு எடுத்தது. மண்வெட்டி தெரியும் முதல் படம் 9.35. அதாவது வந்த கையோடு வால்வைத் திறந்துவிட்டு, தண்ணீர் வராத நாள் என்கிற தைரியத்தில் முற்றத்தைத் தோண்டியிருக்கிறார். அறுத்த பைப்புத் துண்டு ஒன்று தொழுவத்தில் கிடந்தது. வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தேன். லேசாகத் துரு, அவ்வளவுதான். அந்தப் பக்கம் நிற்கும் மகளின் முகமே தெரிந்தது. ஃபெரூல் கதை இதைவிட மோசம். தெருவின் பெரிய குழாயிலிருந்து நம் வீட்டுக்குத் தண்ணீர் பிரியும் இடத்தில் இருக்கும் பித்தளைச் சாமான் அது. எங்கள் தெருவில் பெரிய குழாய் எதிர்ச் சாரியில், சிமெண்ட் ரோட்டுக்கு அடியில். ரோட்டை உடைக்க அனுமதி வாங்க வேண்டும். ரோட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

எனவே தண்ணீர் வரவில்லை என்றால், பக்கத்து வீட்டில் வருகிறதா என்று முதலில் கேளுங்கள். அங்கே வந்தால் வாசலுக்கு வெளியே கல்லையும் மண்ணையும் கிளறி வால்வைத் தேடுங்கள். வட்ட வீல் என்றால் இடப்பக்கமாகப் பல சுற்று சுற்ற வேண்டும். மொட்டைத் தண்டாக இருந்தால் ஸ்பேனர் போதும். எத்தனை சுற்றினாலும் முட்டாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே தண்டு உடைந்திருக்கும், அப்போதுதான் ஆள் தேவை. நீளக் கைப்பிடி வைத்த, உள்ளே பந்து இருக்கும் பால் வால்வு என்றால் கால் சுற்றுதான்: கைப்பிடி பைப்போடு ஒரே வாட்டமாக நின்றால் திறந்திருக்கிறது, குறுக்கே நின்றால் மூடியிருக்கிறது. எதுவானாலும் மெதுவாகத் திறங்கள், பழைய இணைப்புகள் சட்டென்று வரும் வேகத்தைத் தாங்காது. முற்றத்துக் குழாயை மட்டும் முதலில் திறந்து வையுங்கள். காற்று சீறி, செம்மண் நிறத்தில் கொஞ்சம் ஓடி, தெளிந்த பிறகு தொட்டிக்கு விடலாம். எங்கள் வீட்டில் இதை யாரும் செய்யாததால் வாஷிங் மெஷின் சல்லடை முழுக்கத் துருச் செதில்.

பிளம்பரைக் கூப்பிட்டுக் கேட்டேன். “தண்ணி வருதா இல்லையாக்கா?” என்றார். வருகிறது. அதற்கு மேல் எனக்குப் பேச்சு வரவில்லை.

இன்னொன்று. மீட்டர் பக்கத்தில் இருந்த அப்பா காலத்து வால்வையும் கழற்றி, பிளாஸ்டிக்கில் ஒன்றை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். பழையது எங்கே என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. கழற்றிய சாமானை உங்கள் கண் முன்னால் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய இரும்புக் கடை அண்ணாச்சியிடம் போன வாரம் பேச்சுவாக்கில் சொன்னேன். “கன்மெட்டலாம்மா? செம்பு கலந்ததுல்லா, அது நல்ல விலை போகுமே” என்றார். எவ்வளவு என்று கேட்கவில்லை.