அம்மாவோட ஸ்பைன் ஃபியூஷன் ஆபரேஷனும் மதுரைல நான் பாத்ததும்

மெல்போர்ன்ல இருந்து ஊருக்கு போனதே இந்த தடவ அம்மாவோட முதுகு ஆபரேஷனுக்காகத்தான், ஸ்க்ரூ போட்டு ரெண்டு முதுகெலும்ப ஒண்ணா ஒட்ட வைக்கறது, அதத்தான் ஃபியூஷன்னு சொல்றாங்க. இடுப்புப் பக்க முதுகெலும்புல எல்4ங்கற நாலாவது எலும்பு அதுக்கு கீழ இருக்கற எல்5 மேல முன்னாடி நழுவி நரம்ப நசுக்குதுன்னு சொல்லிட்டாங்க. கடைத்தெருவுல நாலு கடை தாண்டறதுக்குள்ள ரெண்டு காலும் கடுத்து எங்கயாவது உக்காந்தே ஆகணும், உக்காந்தா சரியாயிடும், திரும்ப நடந்தா அதே கதை. மாத்திரை, பிசியோ, முதுகுல ஊசி எல்லாம் பாத்தாச்சு.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், வெளிநாட்டுல இருக்கறவங்க பெரும்பாலும் ஆபரேஷன் தேதிக்கு டிக்கெட் போட்டு ஒரு வாரம் பத்து நாள்ல கிளம்பிடறாங்க, அது தப்பு கணக்கு. ஆஸ்பத்திரிக்குள்ள எல்லாரும் இருக்காங்க, நர்ஸ் இருக்காங்க, டூட்டி டாக்டர் இருக்காரு, நம்ம அங்க சும்மா வராண்டாவுல காபி குடிச்சிட்டு உக்காந்திருக்கறதுதான். ஆள் தேவப்படறது வீட்டுக்கு வந்தப்புறம். நானும் அண்ணனும் லீவ மாத்தி மாத்தி போட்டோம், ஆபரேஷனுக்கு அண்ணன், வீட்டுக்கு வர்றப்ப நான்.

ஆபரேஷனுக்கு சரின்னு சொல்றதுக்கு முன்னாடி ரெண்டாவது டாக்டர்கிட்ட கட்டாயம் காட்டுங்க. கேக்க வேண்டிய கேள்வி "நரம்பு அழுத்தத்த மட்டும் எடுத்தா போதாதா, ஸ்க்ரூ போட்டே ஆகணுமா?" இது ஒண்ணும் அதிகப்பிரசங்கித்தனமான கேள்வி இல்ல, 2016ல நியூ இங்கிலாந்து மெடிசின் ஜர்னல்ல இதப்பத்தியே ரெண்டு ஆய்வு வந்துச்சு, ஸ்வீடன்ல பண்ணதுல ஃபியூஷன் சேத்து பண்ணதால பெருசா கூடுதல் பலன் இல்லன்னு வந்துச்சு, அமெரிக்காவுல பண்ணதுல கொஞ்சம் பலன் இருக்குன்னு வந்துச்சு. அம்மாவுக்கு குனிஞ்சும் நிமிந்தும் எக்ஸ்ரே எடுத்து பாத்ததுல எலும்பு நல்லாவே அசையுதுன்னு தெரிஞ்சுது, அதனால ரெண்டு டாக்டரும் ஃபியூஷன்னே சொன்னாங்க. சுகர் அதிகமா இருந்ததால ஹெச்பிஏ1சி (ரெண்டு மூணு மாச சராசரி சுகர காட்டற டெஸ்ட்) இறங்கற வரைக்கும் தேதியே குடுக்கல, அண்ணனுக்கு அதுல கடுப்பு, ஆனா புண்ணு ஆறணும் எலும்பு ஒட்டணும்னா சுகர் அடங்கித்தான் ஆகணும். வயசானவங்களுக்கு எலும்பு அடர்த்தி டெக்ஸா ஸ்கேன் எடுக்க சொல்லுங்க, எலும்பு பொத பொதன்னு இருந்தா ஸ்க்ரூ பிடிக்காது. பீடி சிகரெட் ஆளுங்களுக்கு எலும்பு ஒட்டறது சந்தேகம்தான், முன்னாடியே நிறுத்தணும். ஆஸ்பிரின் மாதிரி ரத்தத்த இளக்கற மாத்திரைய எப்ப நிறுத்தணும்னு ஹார்ட் டாக்டர்கிட்டயும் கேட்டுக்கோங்க.

ஸ்க்ரூ போட்டாச்சு, முதுகு சரியாயிடுச்சுன்னு நம்ம ஊர்ல எல்லாரும் நினைக்கறாங்க. அப்படி இல்ல. காங்கிரீட் இறுகற வரைக்கும் செண்ட்ரிங் தாங்கற மாதிரிதான் அந்த டைட்டானியம் ஸ்க்ரூவும் கம்பியும், என்ன, இத பிரிக்க மாட்டாங்க, உள்ளயே இருக்கும். நடுவுல வச்ச எலும்புத் துண்டுங்க வளந்து ரெண்டு எலும்பும் ஒண்ணா ஒட்டறதுக்கு மூணுல இருந்து ஆறு மாசம், சிலருக்கு ஒரு வருஷம் கூட ஆகும். அதுவரைக்கும் குனியக்கூடாது, திருகக்கூடாது, வெயிட் தூக்கக்கூடாது.

ஆஸ்பத்திரி சர்வீஸ் நல்லாத்தான் இருந்துச்சு, மறுநாளே வாக்கர் குடுத்து நடக்க வச்சாங்க. டிஸ்சார்ஜ்தான் கொடுமை. காலைல போகலாம்னு சொல்லி, இன்சூரன்ஸ் அப்ரூவல் வரலன்னு ராத்திரி வரைக்கும் உக்கார வச்சாங்க. 2024ல ஐஆர்டிஏஐ, அதான் இன்சூரன்ஸ் கம்பெனிகள கட்டுப்படுத்தற அரசு அமைப்பு, போட்ட விதிப்படி ஆஸ்பத்திரில இருந்து கோரிக்கை போன மூணு மணி நேரத்துல இன்சூரன்ஸ் கம்பெனி முடிச்சு குடுக்கணும், லேட்டானா அதனால வர்ற எக்ஸ்ட்ரா செலவு அவங்க தலைல. இத கவுண்டர்ல சொன்னப்புறம்தான் ஃபைல் நகந்துச்சு. பாலிசில ரூம் வாடகைக்கு லிமிட் இருந்தா அதுக்கு மேல ரூம் எடுக்காதீங்க, வாடகை வித்தியாசம் மட்டும் இல்ல, டாக்டர் ஃபீஸ் உட்பட பலதுலயும் அதே விகிதத்துல வெட்டிருவாங்க.

கைல ஒரு ஜெராக்ஸ் பேப்பர், இங்கிலீஷ்ல எக்ஸர்சைஸ் படம். அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. வீட்டுல இந்தியன் டாய்லெட், குத்துக்கால் போட்டு உக்கார முடியாது, இத ஒருத்தரும் முன்னாடி கேக்கல. பெரியாஸ்பத்திரி பக்கம் சர்ஜிக்கல் கடைல கமோடு சேர் வாங்கினோம், கட்டில் ரொம்ப தாழ்வுன்னு நாலு காலுக்கும் கட்டை வச்சோம், சாமி விளக்க தரைல இருந்து ஸ்டூலுக்கு ஏத்தினோம். எந்திரிக்கறப்ப அப்படியே மல்லாக்க எந்திரிக்கக்கூடாது, உடம்ப ஒரே கட்டையா பக்கவாட்டுல உருட்டி, காலக் கீழ இறக்கிக்கிட்டே முழங்கைய ஊணி உக்காரணும், இத ஆஸ்பத்திரில இருக்கறப்பவே வீட்டு ஆள் செஞ்சு காட்ட சொல்லி பழகிக்கோங்க. ஏஜென்சில இருந்து வந்த அட்டெண்டர் அக்காங்க நல்லவங்கதான், ஆனா அடிக்கடி ஆள மாத்தி அனுப்புவாங்க, வர்ற ஒவ்வொருத்தருக்கும் முதல்ல இருந்து சொல்லிக் குடுக்கணும்.

அப்புறம் சொந்தக்காரங்க. ஹார்லிக்ஸும் ஆப்பிளுமா வந்து உக்காருவாங்க, அம்மா "காபி போடவா"ன்னு எந்திரிக்கும். ஒரு சித்தி எண்ணெய் போட்டு நீவி விட ஆளையே கூட்டிட்டு வந்துட்டாங்க, வாசல்லயே திருப்பி அனுப்பினேன், கோவிச்சுக்கிட்டாங்க, பரவால்ல.

கால் வலி சீக்கிரம் போயிடுச்சு, ஆனா முதுகு வலி வாரக்கணக்குல இருந்துச்சு, பெருவிரல் மரமரப்பு இன்னும் இருக்கு. ஆபரேஷன் ஃபெயிலு போலன்னு அம்மா ஒரே அழுக. நசுங்கின நரம்பு மெதுவாத்தான் தேறும், மரமரப்பு முழுசா போகாமலும் இருக்கலாம்னு சர்ஜன் அப்புறமா சொன்னாரு, முன்னாடியே சொல்லியிருந்தா அந்த அழுகை இருந்திருக்காது. வலிக்குதேன்னு மெடிக்கல்ல டைக்ளோஃபெனாக் கேட்டு வாங்கிப் போடாதீங்க, அந்த வகை மாத்திரை எலும்பு ஒட்டறத தாமதப்படுத்தலாம், சர்ஜன் சொன்னா மட்டும். டிரமடால்னு வலி மாத்திரை குடுத்தா மலச்சிக்கல் வரும், முக்கறதும் முதுகுக்கு ஆகாது, கூடவே அதுக்கும் மருந்து கேளுங்க.

காய்ச்சல், தையல்ல நீர் கசியறது, ஒரு கெண்டக்கால் மட்டும் வீங்கி வலிக்கறது, இதெல்லாம் வந்தா அன்னைக்கே போன் பண்ணுங்க. கால் பலமில்லாம போறது, ஒண்ணுக்கு வராம அடைக்கறது இல்ல தெரியாம போறது, உக்கார்ற இடம் மரத்துப்போறது, மூச்சுத் திணறல், இதுல எது வந்தாலும் விடியட்டும்னு பாக்காம எமர்ஜென்சிக்கு கூட்டிட்டுப் போங்க.

கிளம்பறதுக்கு முன்னாடி டிஸ்சார்ஜ் சம்மரியோட ஆபரேஷன் நோட்ஸ், எம்ஆர்ஐ சிடி, இம்பிளான்ட் ஸ்டிக்கர் காப்பி எல்லாம் கேட்டு வாங்குங்க. ஸ்டிக்கர் கேட்டப்ப "அது எதுக்கு சார்"னு முழிச்சாங்க. நாளைக்கு வேற டாக்டர் அந்த ஸ்க்ரூவ தொடணும்னா எந்த கம்பெனி, என்ன சைஸ்னு அதுலதான் இருக்கும். எல்லாத்தயும் போட்டோ எடுத்து நம்ம போன்லயும் ஒரு செட், அண்ணன் போன்லயும் ஒரு செட்.