இடம் பெரிதா, வேகம் பெரிதா? குறைந்த விலை கேம் பெட்டிகளை வைத்து ஓர் ஒப்பீடு

தீபாவளி அன்று மதியம் செந்தூலில் அக்கா வீட்டுக்குக் கிள்ளானிலிருந்து சித்தப்பா வீட்டுப் பிள்ளைகள் நால்வர் வந்திருந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் எல்லோருக்கும் கால்பந்து கேம் ஆட வேண்டும். அக்கா மகன் தொலைக்காட்சிக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து கேம் பெட்டியை இயக்கினான். கால்பந்து அதில் இல்லை. பள்ளி விடுமுறையில் வேறொரு கேமுக்கு இடம் வேண்டும் என்று அவனே அழித்திருந்தான். திரும்ப இறக்க 50 ஜிபி வேண்டும். மிச்சம் இருந்ததோ 11. எதை அழிப்பது என்று தெரியாமல் பட்டியலை மேலும் கீழுமாக நகர்த்திக்கொண்டே இருந்தான். கடைசியில் பாதி ஆடி வைத்திருந்த ஒன்றை அழித்துவிட்டுப் பதிவிறக்கத்தைத் தொடங்கியபோது மணி மூன்று. வீட்டுக்கு வந்திருந்த அத்தனை பேரின் கைப்பேசியும் அதே வைஃபையில். ஐந்து மணிக்கு, நூற்றில் எழுபதுகூட இறங்காத நிலையில், "கிளம்பலாம், கூட்டரசு நெடுஞ்சாலையில் நெரிசல் தொடங்கிவிடும்" என்று சித்தப்பா எழுந்துவிட்டார்.

அது எந்த நிறுவனத்தின் பெட்டி என்பதை நான் எழுதப்போவதில்லை. குறைந்த விலையில் வரும் எந்தப் பெட்டியிலும் இது நடக்கும். அன்று இரவு பாத்திரம் கழுவிக்கொண்டே அக்கா கேட்டார்: "தம்பி, இது பழசாகிவிட்டது. அடுத்து ஒன்று வாங்கினால் எதை வாங்குவது? விலை குறைவாக இருக்க வேண்டும். ஆனால் இன்று நடந்தது மாதிரி இன்னொரு தடவை நடக்கக்கூடாது." இந்த அலசல் அவருக்காக நான் போட்ட கணக்கு. கோலாலம்பூரில் மின்னணுப் பொருள் விற்கும் லோ யாட் பிளாசாவுக்கு இரண்டு சனிக்கிழமை போய்வந்ததும் இதில் சேர்த்தி.

முதலில் அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பற்றி. மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ் 2020 நவம்பரில் 512 ஜிபியுடன் வந்தது. அதில் கேம்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 364 ஜிபி. அதே மாதம் வந்த பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டல் பதிப்பில் (டிஸ்க் செருக இடமில்லாதது) 825 ஜிபி. கையில் கிடைப்பது 667. மிச்சத்தை இயங்குதளமும் அதன் ஒதுக்கீடுகளும் எடுத்துக்கொள்கின்றன. இன்று பெரிய கேம் ஒன்று 100 ஜிபியைச் சர்வசாதாரணமாகத் தொடுகிறது. அப்படிப் பார்த்தால் சீரிஸ் எஸ்ஸில் பெரிய கேம் மூன்று, சின்னது சில. பிளேஸ்டேஷனில் ஆறு. வித்தியாசம் பெரியதுதான். ஆனால் இதை மட்டும் வைத்து முடிவெடுத்தால் தவறிவிடுவோம். நானும் முதல் சனிக்கிழமை அப்படித்தான் தவறவிருந்தேன்.

ஏனென்றால் இடமும் வேகமும் தனித்தனிச் சமாச்சாரங்கள் அல்ல. சீரிஸ் எஸ் கேமை 1440பி அளவில், அதாவது 4கே-யைவிடக் குறைந்த படத் தெளிவில், காட்டுவதை இலக்காகக் கொண்டு செய்யப்பட்டது. 4கே படத்துக்கான கனமான மேற்பரப்புப் படங்கள் அதற்குத் தேவையில்லை. அதனால் அதன் கேம்கள் பெரிய அண்ணனான சீரிஸ் எக்ஸில் இருப்பதைவிட ஏறக்குறைய 30 விழுக்காடு சிறியதாக இருக்கும் என்று வெளியீட்டுக்கு முன்பே மைக்ரோசாஃப்ட் சொன்னது. எல்லா கேமுக்கும் அந்த அளவு பொருந்துவதில்லை. பல கேம்களுக்குப் பொருந்துகிறது. திறன் குறைந்ததால் மூட்டையும் கொஞ்சம் சிறிதாகிவிட்டது.

எதிர்த்திசையிலும் இது நடக்கிறது. பழைய பெட்டிகளில் சுழலும் ஹார்ட் டிஸ்க் இருந்தது. அதன் ஊசி ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போக நேரம் பிடிக்கும் என்பதால், ஒரே மரம், ஒரே தெருவிளக்கு, ஒரே தபால்பெட்டி என்று தேவைப்படும் இடத்திலெல்லாம் நகல் எடுத்துப் போட்டு வைப்பார்கள். புதிய பெட்டிகளில் இருக்கும் எஸ்எஸ்டி சுழலாத சில்லுச் சேமிப்பகம்; அதில் ஊசி இல்லை, அந்த நகல்களுக்கும் வேலை இல்லை. ஹெல்டைவர்ஸ் 2 கேமின் கணினிப் பதிப்பு 2025-ன் இறுதியில் இந்த நகல்களை நீக்கியபோது, ஏறத்தாழ 154 ஜிபியாக இருந்தது 23 ஜிபிக்கு இறங்கியது. வேகமான சேமிப்பகம் இடத்தையும் மிச்சப்படுத்தும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

ஆகவே அக்காவிடம் நான் சொன்னது சமையலறைக் கணக்கு. ஜிபி என்று அட்டைப் பெட்டியில் போட்டிருப்பது சாமான் அறை. ஆடும்போது கேம் வேலை செய்யும் ராம் நினைவகம் அடுப்பு மேடை. சாமான் அறை சிறிதாக இருந்தால் கூடத்தில் ஓர் அலமாரி வாங்கிப் போடலாம். அடுப்பு மேடை சிறிதென்றால், அதில் நாலு பாத்திரம் வைக்க இடமில்லையென்றால், அந்த வீட்டில் இருக்கும் வரை அப்படித்தான்.

சீரிஸ் எஸ்ஸின் உண்மையான குறை அந்த அடுப்பு மேடையில் இருக்கிறது. அதில் 10 ஜிபி ராம். அதிலும் 8 ஜிபிதான் வேகமானது, மீதி 2 ஜிபி மெதுவானது. பிளேஸ்டேஷன் 5-இல் 16 ஜிபி, எல்லாம் ஒரே வேகம். வரைகலைத் திறன் ஒன்றில் 4 டெராஃப்ளாப்ஸ், மற்றதில் 10.28. பால்டர்ஸ் கேட் 3 பெரியவர்களுக்கான கேம், அக்கா மகனுக்கு உரியதல்ல. ஆனாலும் அதன் கதை இங்கே பொருந்துகிறது. பிளேஸ்டேஷனுக்கு 2023 செப்டம்பரில் வந்தது, எக்ஸ்பாக்ஸுக்கு அதே ஆண்டு டிசம்பரில்தான். ஒரே தொலைக்காட்சியில் திரையைப் பிரித்து இரண்டு பேர் ஆடும் வசதியைச் சீரிஸ் எஸ்ஸின் நினைவகத்துக்குள் அடக்க முடியவில்லை. அந்த வசதி இல்லாமலே வெளியிட மைக்ரோசாஃப்ட் விலக்கு அளித்த பிறகே கேம் வந்தது. சீரிஸ் எஸ்ஸுக்கு அந்த வசதி கிடைத்தது 2025 ஏப்ரலில். பிளாக் மித்: வூகாங் கேமும் பிளேஸ்டேஷனுக்கு வந்து சரியாக ஓராண்டு கழித்து, 2025 ஆகஸ்டில்தான் எக்ஸ்பாக்ஸுக்கு வந்தது. அதை உருவாக்கிய நிறுவனத்தின் தலைவர் இந்த 10 ஜிபியையே சிரமமாகச் சுட்டிக்காட்டினார். வீட்டுக்கு நாலு பிள்ளைகள் வந்தால் ஒரே திரையைப் பகிர்ந்துகொள்ளும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயம் இல்லை.

2023 செப்டம்பரில் 1 டிபி (ஏறத்தாழ 1,000 ஜிபி) கொண்ட சீரிஸ் எஸ் வந்தது. கடைக்காரர் அதைத்தான் முதலில் எடுத்துக் காட்டினார். இடம் இரட்டிப்பு, ராம் அதே 10, திறன் அதே 4. விலை கூடியதெல்லாம் சாமான் அறைக்கு மட்டும். நான் வாங்க மாட்டேன்.

இனி அலமாரிக் கணக்கு. கடைக்குக் கிளம்புகிறவர்கள் அதிகம் கேட்காதது இதைத்தான். பணம் அதிகம் போவதும் இங்கேதான். பிளேஸ்டேஷன் 5-இல் எம்.2 எஸ்எஸ்டி என்ற சின்னப் பட்டை போடுவதற்கு ஓர் இடம் திறந்து வைத்திருக்கிறார்கள். 2021 செப்டம்பர் மென்பொருள் புதுப்பிப்பிலிருந்து எல்லோரும் பயன்படுத்தலாம். கணினிக்கு விற்கும் அதே சாதாரணச் சில்லுதான். நொடிக்கு 5,500 எம்பி வேகம், பிசிஐஇ இணைப்பில் நாலாம் தலைமுறை, வெப்பம் தணிக்கும் தகடு, இந்த மூன்றையும் பார்த்து வாங்கினால் போதும். லோ யாட்டில் ஒரே மாடியில் எட்டுக் கடையில் விலை கேட்கலாம். ஒருவர் சொன்ன விலையை இன்னொருவரிடம் சொல்லி ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) குறைக்கலாம். பக்கவாட்டு மூடியைக் கையால் இழுத்தெடுத்து, ஒரு திருப்புளியால் உள் மூடியின் திருகையும் எஸ்எஸ்டியைப் பிடிக்கும் திருகையும் கழற்றிப் போட்டுவிடலாம்.

சீரிஸ் எஸ்ஸுக்கு அப்படி இல்லை. பின்பக்கத் துளையில் செருகும் பிரத்யேக அட்டை வேண்டும். முதலில் சீகேட் மட்டுமே அதைச் செய்தது. 2023-ல் வெஸ்டர்ன் டிஜிட்டலும் அதைக் கொண்டு வந்தது. 2020-ல் அமெரிக்காவில் பெட்டியின் விலை 299 டாலர், 1 டிபி அட்டையின் விலை 219.99 டாலர். பெட்டி விலையில் முக்கால்வாசியை ஓர் அட்டைக்குக் கொடுப்பது எந்தக் குடும்பத்துக்கும் நியாயமாகப் படாது. பிறகு விலை இறங்கினாலும், பேரம் பேச எட்டுக் கடை இல்லை என்பதில் மாற்றமில்லை. இங்கே கிடைக்கும் சீரிஸ் எஸ் பெரும்பாலும் கடைக்காரர் வெளியிலிருந்து தருவித்ததுதான்; உத்தரவாதமும் அந்தக் கடையோடு முடிந்துவிடும். எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டுக்கும் பொதுவான மலிவான வழி ஒன்று இருக்கிறது: யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க். புதிய தலைமுறை கேமை அதிலிருந்து நேரடியாக ஆட முடியாது, ஆனால் கிடங்காக வைத்துக்கொள்ளலாம். இதை அற்பமாக நினைக்காதீர்கள். 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட், அதாவது 12.5 எம்பி) இணைப்பில், யாரும் குறுக்கிடாமல் இருந்தால்கூட, 100 ஜிபி இறங்க இரண்டே கால் மணி நேரம் ஆகும். நொடிக்கு 100 எம்பி படிக்கும் சாதாரண ஹார்ட் டிஸ்க்கிலிருந்து அதே கேமை உள்ளே நகர்த்தப் பதினேழு நிமிடம். தேநீர் போட்டுக் குடிக்கும் நேரம். இதை அறிந்திருந்தால் தீபாவளி அன்று பிள்ளைகள் ஆடியிருப்பார்கள். பிளேஸ்டேஷன் குறைந்தது 250 ஜிபி கொண்ட டிஸ்க்கைக் கேட்கும், எக்ஸ்பாக்ஸ் 128. இரண்டும் அதை முழுமையாக அழித்துத் தன் முறைக்கு மாற்றிவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

டிஸ்க் பெட்டி வாங்கினால் இடப் பிரச்சினை தீரும் என்று சிலர் சொல்கிறார்கள். தீராது. டிஸ்க்கில் இருப்பதை முழுவதும் உள்ளே நகலெடுத்துக்கொண்டுதான் பிளேஸ்டேஷன் 5 கேமை ஓட்டும். டிஸ்க் செருகியிருப்பது உரிமைக்கான சான்று. மலேசியாவில் 2020 டிசம்பர் 11 அன்று டிஸ்க் பதிப்பு 2,299 வெள்ளிக்கும் டிஜிட்டல் 1,869 வெள்ளிக்கும் வந்தன. அந்த 430 வெள்ளி இடைவெளி வேறொரு விதத்தில் திரும்பக் கிடைக்கலாம்: ஆடி முடித்த டிஸ்க்கைக் கடையில் விற்கலாம், பழைய டிஸ்க்கைக் குறைந்த விலைக்கு வாங்கலாம். வருடத்துக்கு நாலைந்து கேம் வாங்குகிறவருக்கு அது பயன்படும்.

பழைய பிளேஸ்டேஷன் 4 ஸ்லிம்மையும் விட்டுவிட முடியாது. இரண்டாம் கையில் அதுதான் மிகவும் மலிவு. 500 ஜிபியோ 1 டிபியோ வரும். உள்ளே இருக்கும் 2.5 அங்குல ஹார்ட் டிஸ்க்கை வீட்டிலேயே மாற்றலாம். சாதாரண சாட்டா எஸ்எஸ்டி போட்டால் கேம் திறக்கும் நேரம் நன்றாகவே குறையும். யுஎஸ்பி டிஸ்க்கிலிருந்து நேரடியாக ஆடவும் முடியும். இடத்தைப் பொறுத்தவரை இந்தப் பெட்டிகளில் அதிகச் சுதந்திரம் தருவது அதுதான். ஆனால் 1.84 டெராஃப்ளாப்ஸ், 2013-ன் வடிவமைப்பு. புதிய கேம்கள் அதற்கு வருவது குறைந்துகொண்டே போகிறது. பழைய கேம்களின் பெரிய கிடங்கு மட்டும் போதும் என்பவர் தயங்காமல் வாங்கலாம். வளரும் பையனுக்கு நான் வாங்கித் தர மாட்டேன்.

நிண்டெண்டோ ஸ்விட்ச் வேறு ஜாதி. 2017-ல் வந்தபோது 32 ஜிபிதான், ஓஎல்இடி பதிப்பில் 64. ஆனால் கடையில் வாங்கும் கேம் அட்டையிலிருந்தே கேம் ஓடும், அதனால் இடம் உண்மையிலேயே மிச்சமாகிறது. பிரெத் ஆஃப் தி வைல்டு போன்ற பெரிய உலகமே 13.4 ஜிபிதான். இடம் போதாவிட்டால் மைக்ரோ எஸ்டி அட்டை. அதில் ஓர் எச்சரிக்கை, என் சொந்த அனுபவம். இரவுச் சந்தையில் 512 ஜிபி என்று எழுதிய அட்டை ஒன்றை நாற்பது வெள்ளிக்கு வாங்கினேன். ஸ்விட்ச் அதை 512 என்றே காட்டியது. மூன்றாவது கேம் போட்டதும் முதல் கேம் திறக்க மறுத்தது. கணினியில் சோதித்துப் பார்த்தால் உள்ளே இருந்தது 32 ஜிபி. எழுதியதன் மேலேயே மறுபடி எழுதிக்கொண்டிருந்திருக்கிறது. வாங்கிய அன்றே முழு அட்டையையும் நிரப்பிச் சோதியுங்கள். 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-இல் 256 ஜிபி இருக்கிறது, ஆனால் மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் என்ற புதிய வகை அட்டையில்தான் அதன் கேம்களை வைக்க முடியும். சில கேம்களின் அட்டையில் சாவி மட்டுமே இருக்கும், கேமைப் பதிவிறக்கித்தான் ஆக வேண்டும். அட்டையின் மேலுறையைப் படித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

என் தீர்ப்பை அக்காவிடம் நேராகவே சொன்னேன். கேம்களுக்கு மாதச் சந்தா கட்டி, ஒரு நேரத்தில் இரண்டு மூன்று கேம் மட்டும் ஆடுகிற தனி ஆளுக்குச் சீரிஸ் எஸ் 512 போதும். கொடுத்த காசுக்கு அது நேர்மையான பெட்டி. பிள்ளைகள் கூடும் வீட்டுக்குப் பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டல். இன்றைக்கு எம்.2 வாங்க வேண்டாம், போனஸ் வரும்போது வாங்கலாம்; ராமை எந்தப் போனஸிலும் வாங்க முடியாது.

போன வாரம் பெட்டி வந்தது. அலமாரியில் கிடந்த பழைய 500 ஜிபி ஹார்ட் டிஸ்க்கைக் கிடங்காக்கலாம் என்று எடுத்தோம். திறந்து பார்த்தால் அக்காவின் கல்யாணப் படங்கள் அத்தனையும் அதில் இருந்தன, வேறெங்கும் பிரதி இல்லை. முதலில் அவற்றை மடிக்கணினிக்கு மாற்றினோம், பிறகு இன்னொரு பென்டிரைவுக்கும். அதற்குப் பிறகுதான் டிஸ்க்கைப் பெட்டியில் செருகினோம். தைப்பூசத்தன்று பத்துமலைக்குப் போய்விட்டுக் கிள்ளான் பிள்ளைகள் இரவு இங்கேதான் தங்குகிறார்கள். கால்பந்து கேமைக் கிடங்கிலிருந்து உள்ளே நகர்த்திப் பார்த்து, ஒன்பது நிமிடம் ஆகிறது என்று அக்கா மகன் நாட்காட்டியின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்திருக்கிறான்.