ஆட்குறைப்புக்கு முன்: கையெழுத்தா, காத்திருப்பா, வேறு வேலையா?

ஓவர்டைம் நிற்கிறது. விலகிப் போனவரின் இடத்துக்கு ஆள் எடுக்கவில்லை. ஊழியர் சேமலாப நிதிக் (ஈபிஎப்) காசு பிந்துகிறது. இவற்றில் மூன்றாவதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். ஒரு மாதத்துக்கான ஈபிஎப் பணத்தை முதலாளி அடுத்த மாதம் முடிவதற்குள் கட்டியாக வேண்டும். கையில் காசில்லாத கம்பனி முதலில் கைவைப்பது பெரும்பாலும் அதில்தான். அப்படியொரு நிலை வந்தால் திருகோணமலையில் வேலை செய்பவருக்கு முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன.

முதல் வழி, வேலையை விட்டுவிட்டுத் தேடுவது. இதை விரைவாகத் தள்ளிவிடலாம். இலங்கையில் வேலையிழப்புக் கொடுப்பனவு என்று ஒன்று கிடையாது. ஈபிஎப் பொதுவாக ஆண்களுக்கு 55 வயதிலும் பெண்களுக்கு 50 வயதிலும்தான் கைக்கு வரும். வேலை மாறும்போது எடுக்கக்கூடியது ஊழியர் நம்பிக்கை நிதி மட்டுமே. அது சம்பளத்தில் 3 சதவீதம்: 80,000 ரூபாய் வாங்குபவருக்கு மாதம் 2,400. ஐந்து வருடக் காசு வட்டி சேராமல் 1,44,000, அதாவது இரண்டு மாதச் சம்பளம்கூட இல்லை. இதில் ஹோட்டல்காரருக்கு இன்னொரு பொறி உண்டு. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் சீசன் ஏப்ரல், மே அளவில் தொடங்கி செப்டெம்பரோடு தளர்கிறது. ஒக்டோபரில் விட்டால் மாரி முழுவதும் வீட்டில்தான்.

உண்மையான போட்டி இரண்டாவது வழிக்கும் மூன்றாவதற்கும் இடையில்: கம்பனி நீட்டும் சுயவிருப்ப ஓய்வுத் திட்டத்தில், ஊரில் சொல்கிற வீஆர்எஸ்ஸில், கையெழுத்து வைப்பதா, அல்லது அவர்களே நிறுத்தட்டும் என்று இருப்பதா?

1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டப்படி, ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஒருவரை நிறுத்த முதலாளிக்கு இரண்டு கதவுகளே உண்டு. ஒன்று ஊழியரின் எழுத்துமூலச் சம்மதம், மற்றது தொழில் ஆணையாளர் நாயகத்தின் முன்அனுமதி. இரண்டும் இல்லாத நீக்கம் சட்டத்தில் செல்லாது. வீஆர்எஸ் என்பது முதல் கதவு. உங்கள் கையெழுத்துக்கு விலை இருப்பது அதனால்தான். அந்த விலை என்ன என்று தெரியாமல் விற்கக் கூடாது.

அனுமதியோடு நிறுத்தும்போது நட்டஈட்டுக்கு ஒரு சூத்திரம் உண்டு. முதல் 5 வருடங்களுக்கு வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம், 6 முதல் 14 வரை இரண்டு மாதம், 15 முதல் 19 வரை ஒன்றரை, 20 முதல் 24 வரை ஒன்று, 25 முதல் 34 வரை அரை மாதம். எட்டு வருடம் வேலை செய்து 80,000 வாங்குபவருக்கு 12.5 மாதமும் 6 மாதமும் சேர்ந்து 18.5 மாதம், அதாவது 14,80,000 ரூபாய். பணிக்கொடை, அதாவது சேவைக்காலத்துக்காகத் தரும் கிராஜுவிட்டி, இதற்குப் புறம்பு: வருடத்துக்கு அரை மாதம் என்று 3,20,000. ஆகவே 18 லட்சம்தான் உங்கள் அளவுகோல். வீஆர்எஸ் கடிதத்தில் ‘மொத்தம் 12 லட்சம், பணிக்கொடை உட்பட’ என்று இருந்தால் உங்களுக்கு உரிய பணத்தையே பரிசு போலத் தருகிறார்கள் என்று அர்த்தம். அந்த ‘உட்பட’ என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள்.

கூடிய சம்பளக்காரருக்குக் கணக்கு மாறும். நட்டஈட்டின் உச்சவரம்பு 25 லட்சம். மாதம் 2,00,000 வாங்குபவருக்கு அதே எட்டு வருடத்துக்கு 37 லட்சம் வரவேண்டியது, வரம்பில் முட்டி 25க்கு இறங்கும். பணிக்கொடைக்குப் புறம்பாகக் கம்பனி 28 தந்தால் வீஆர்எஸ்தான் மேல்.

காத்திருப்பது எல்லோருக்கும் பலன் தராது. முந்திய ஆறு மாதத்தில் சராசரி 15 பேருக்குக் குறைவாக வேலை செய்த இடம் என்றால் அந்தச் சட்டம் பொருந்தாது. கடற்கரையோரச் சின்ன கெஸ்ட்ஹவுஸ்களில் பல இந்த ரகம். முந்திய 12 மாதத்தில் 180 நாள் வேலை செய்திராவிட்டாலும் பொருந்தாது. அப்படியானவருக்கு மிஞ்சுவது தொழில் நியாய மன்றம். மேன்பவர் ஆட்களாக, அதாவது ஆள் வழங்கும் கம்பனி மூலம், வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: ஈபிஎப் பதிவில் முதலாளி என்று யாருடைய பெயர் இருக்கிறது? வாசலில் தொங்கும் பலகையில் ஒரு பெயரும் பதிவில் வேறொரு பெயரும் இருந்தால், ஆள்கணக்கு எந்தக் கம்பனிக்குப் பார்க்கப்படும் என்பதிலேயே வழக்கு இழுபடும்.

இன்னொரு நிலைமை: கம்பனி உண்மையிலேயே மூழ்குகிறது. விசாரணை முடிந்து உத்தரவு வரும்போது பெட்டியில் காசில்லை என்றால் 18 லட்சம் காகிதத்தில்தான் இருக்கும். ஈபிஎப் மாதக்கணக்கில் நிலுவை என்றால், எங்கள் கணிப்பில், சூத்திரத்தின் முக்கால்வாசிக்குக் கிட்ட வரும் வீஆர்எஸ்ஸை எடுக்கலாம். ஆனால் ஒரே தவணையில், கையெழுத்து வைக்கும் அன்றே. பின்தேதியிட்ட செக் வேண்டாம்.

எந்த வழியானாலும் வெறும் ராஜினாமாக் கடிதம் மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். ‘நீங்களாக விலகினால் நல்ல சேவைச் சான்றிதழ் தருகிறோம்’ என்பது பழைய தந்திரம். ‘புதிய கம்பனிப் பெயரில் நியமனக் கடிதம், அதே வேலைதான்’ என்பதும் அப்படித்தான்: முந்திய சேவைக்காலம் தொடரும் என்று அதில் எழுதப்படாவிட்டால் எட்டு வருடம் பூச்சியமாகலாம். வற்புறுத்தி எழுதி வாங்கிவிட்டார்கள் என்றால் தொழில் அலுவலகத்தில் முறையிட ஆறு மாத அவகாசம் உண்டு. ஐந்தாவது மாதம் வரை பொறுக்க வேண்டாம், சாட்சிகள் அதற்குள் வேறு ஊர் போய்விடுவார்கள்.

நான்காவது வழி, வேலையில் இருந்தபடி தேடுவது. பெரும்பாலானோருக்கு எங்கள் தெரிவு இதுதான், ஆனால் இதற்கும் செலவு உண்டு. புதிய இடத்தில் 180 நாள் ஆகும்வரை மேற்சொன்ன பாதுகாப்பு இல்லை, பணிக்கொடைக் கணக்கும் முதலிலிருந்து தொடங்கும். நாலே முக்கால் வருடத்தில் விலகினால் பணிக்கொடையை உரிமையாகக் கேட்க முடியாது. மூன்று மாதம் பொறுத்து ஐந்தைப் பூர்த்தி செய்தால், 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், நீங்களாக விலகினாலும் 80,000க்கு 2,00,000 ரூபாய் சட்டப்படி வரும். புதிய இடத்தில் சேரும் தேதியைப் பேசும்போது இதை மனதில் வைத்திருங்கள். ஹோட்டல்காரர் கவனிக்க: பணிக்கொடைக்கு சேர்விஸ் சார்ஜ் கணக்கில் வராது, அடிப்படைச் சம்பளமும் வாழ்க்கைச் செலவுப் படியும்தான்.

திருகோணமலை சின்ன ஊர். ஒரு ஹோட்டல் மனேஜரிடம் காலையில் சொன்னது மாலைக்குள் அடுத்த ஹோட்டலுக்குப் போய்விடும். விண்ணப்பத்தை கம்பனிக் கணினியிலோ கம்பனி ஈமெயிலிலோ தயாரிக்க வேண்டாம். நற்சான்றாளராக இப்போதைய மேலாளரைப் போடாமல், விலகிப் போன பழைய மேலாளரைப் போடுங்கள். கொழும்பு நேர்முகம் என்றால் இரண்டு இரவு பஸ்ஸும் ஒரு நாள் லீவும் போகும். கடை, காரியாலயச் சட்டத்தின் கீழ் வருடத்துக்கு ஏழு நாள்தான் கசுவல் லீவு. ஆகவே முதற்சுற்றை ஸூமில் வைக்கக் கேளுங்கள், இப்போது பல இடங்கள் சம்மதிக்கும். கொழும்புச் சம்பளத்தில் இருந்து அறை வாடகை, சாப்பாடு, மாதம் இருமுறை ஊர் வரும் செலவைக் கழித்துவிட்டு மிச்சத்தை ஊர்ச் சம்பளத்தோடு ஒப்பிடுங்கள். சம்பளம் 30,000 கூடினால்கூட மிச்சம் ஒன்றும் இருக்காத சந்தர்ப்பங்கள் உண்டு.

வளைகுடா வேலை என்றால் முகவரின் உரிமத்தையும் குறித்த வேலைக்கான அனுமதியையும் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் சரிபார்த்து, விசாவும் ஒப்பந்தமும் கைக்கு வந்த பிறகே இங்கு அறிவித்தல் கொடுங்கள். விசா கையில் இருக்கும் நேரத்தில் கம்பனி வீஆர்எஸ் நீட்டினால் பேரம் பேசி எடுங்கள். அப்போது இரண்டு பக்கமும் வரவு.

இந்த வாரமே செய்யக்கூடியது: நியமனக் கடிதம், நிரந்தரமாக்கிய கடிதம், சம்பள உயர்வுக் கடிதங்கள், கடைசி 12 மாதச் சம்பளச் சீட்டு ஆகியவற்றைப் போனில் படம் எடுத்து சொந்த ஈமெயிலுக்கு அனுப்பி வையுங்கள். ஈபிஎப் அங்கத்துவ இலக்கத்தையும் முதலாளி இலக்கத்தையும் கையோடு குறித்து வையுங்கள். வங்கிக் கடனோ லீசிங்கோ இருந்தால் தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டும் பேச்சை இப்போதே தொடங்க வேண்டும், ஏனென்றால் அதற்கு வங்கி கேட்பது நீங்கள் இன்னும் வேலையில் இருப்பதாகக் கம்பனி தரும் கடிதத்தைத்தான்.