பெயர் நெய்த பத்தமடைப் பாய்: எட்டு மாதம் கழித்து எழுதுகிறேன்

யாரையாவது கௌரவிக்கப் பொன்னாடையும் ஷீல்டும் வாங்கக் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தால் இதை ஒருதரம் வாசித்துவிட்டுப் போங்கள். போன மே மாதம் எங்கள் கிறிஸ்தவச் சபையின் அசனப் பண்டிகையில் (சபையார் எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடும் விருந்து அது) பெரியவர்கள் இரண்டு பேருக்குக் கொடுப்பதற்காக, அவர்கள் பெயரை நெய்த பத்தமடைப் பாய் ஒன்று சொல்லிவைத்து வாங்கினோம். பொருள் அருமை. அது கைக்கு வந்து சேர்வதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் யாருக்கு வாங்கினோம் என்பதைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் எதற்குப் பாய் என்று கேட்பீர்கள். பாளையங்கோட்டைக்குப் பக்கத்தில் சின்ன ஊர், சின்னச் சபை. பேர் போடப் போவதில்லை, அவர்களுக்கு அது பிடிக்காது. ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் தொடங்கி எங்கள் பாதிரியாரான சேகரத்து ஐயர் வரைக்கும் எல்லாருக்கும் அவர்கள் பெரியப்பா, பெரியம்மாதான். 1991இல் எங்கள் கோயில்குட்டியார், அதாவது கோயிலைப் பெருக்கி மணி அடிக்கிறவர், இறந்துபோனார். புது ஆளுக்குச் சம்பளம் கொடுக்கச் சங்கக் காணிக்கை காணாது. “ஆள் கிடைக்கிற வரைக்கும் நான் பாத்துக்கிடுதேன்” என்று பெரியப்பா சாவியை வாங்கினார். இன்றுவரை ஆள் கிடைக்கவில்லை. நாங்கள் தேடவும் இல்லை, அதுதான் உண்மை.

சனிக்கிழமை சாயங்காலம் ஆனால் இரண்டு பேரும் கோயிலுக்குப் போய்விடுவார்கள். அவர் தூத்துப் பெருக்கி, விளக்கு ஃபேனெல்லாம் எரிகிறதா ஓடுகிறதா என்று பார்த்து, ஞாயிறு காலை முதல் மணி அடிப்பார். பெரியம்மா பொறுப்பு பாய்கள். எங்கள் கோயிலில் பெஞ்சு என்பது முட்டி வலிக்காரர்களுக்கு மட்டும்தான், மற்றவர்கள் தரையில் கோரைப்பாயில் உட்கார வேண்டும். மொத்தம் 22 பாய். ஒவ்வொன்றையும் உதறி, வெயில் காட்டி, ஓரம் பிய்ந்தால் பழைய சேலைத் துணியில் கரை தைத்து, ஆராதனை முடிந்ததும் சுருட்டி மூலையில் நிறுத்துவது வரை அவர்தான். அதற்கு மேல் வீடு வீடாகக் கைப்பிடி அரிசி வாங்கும் வேலை, அசனத்தன்று விடியற்காலை மூன்று மணிக்கே அடுப்படியில் நின்று, வடித்த சோற்றை ஓலைப்பாயில் கொட்டும் இடத்தில் யாரும் செருப்போடு வராமல் காவல் காக்கும் வேலை. ஒரு பைசா வாங்கியதில்லை.

இவர்களைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்பது எங்கள் மண்டைக்கு எட்டவே இல்லை. எட்டவைத்தது நியூ ஜெர்சியில் இருக்கும் என் தம்பி. அவன் பக்கத்து வீட்டில் ஒரு யூதக் குடும்பம். நாம் பைபிளில் ஜெப ஆலயம் என்று வாசிக்கிறோமே, அதில் அவர்கள் சபையார். சனிக்கிழமை காலை ஆராதனை முடிந்தால் திராட்சரசத்தைக் கையில் பிடித்து ஆசீர்வாதம் சொல்லி, எல்லாரும் நின்று பேசிக்கொண்டே ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் கலைவார்களாம், கித்தூஷ் என்று பேர். அந்தச் சாப்பாட்டு மேசையை வாராவாரம் போட்டு எடுத்து வந்த ஒரு புருஷன் பெண்சாதிக்குச் சபையே சேர்ந்து விருந்து வைத்திருக்கிறது. குடும்பத்துக்கு ஒரு பக்கம் என்று காசு கட்டி வாழ்த்து எழுதிப் புத்தகமாக அச்சடித்து, வந்த பணத்தை ஆலயச் செலவுக்கே விட்டுவிட்டார்களாம். தம்பி இதைச் சொல்லிவிட்டு, “நீங்க செத்த பொறவு போட்டோவுக்கு மாலை போட்டு அரை மணி நேரம் பேசுவீங்க, உயிரோட இருக்கையில ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களால?” என்று ஏசினான். அவன் ஏசினால் எனக்குக் கோபம் வரும், அன்றைக்கு வரவில்லை.

கமிட்டியில் வழக்கம்போல ஷீல்டு என்று ஆரம்பித்தார்கள். பெரியப்பா வீட்டு அலமாரியில் ஏற்கெனவே பொன்னாடை ஒரு கட்டு இருக்கிறது, எல்லாம் அந்த மினுமினுப்புத் துணி, தலையும் துவட்ட முடியாது, தலையணை உறையும் தைக்க முடியாது. தங்கக் காசு கொடுத்தால் அடுத்த ஞாயிறே காணிக்கைப் பையில் விழுந்துவிடும். அப்போது ஒரு அக்கா சொன்னார்: “அவுக நமக்குப் பாய் விரிச்சவுக. அவுக பேரு போட்டு ஒரு பாய் வாங்குங்க.” அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் பக்கம் கல்யாணத்துக்குப் பெண் மாப்பிள்ளை பெயர் நெய்த பத்தமடைப் பாய் கொடுப்பது பழைய வழக்கம். அறுபதைத் தாண்டியவர்களுக்கு யாரும் வாங்கி நான் கண்டதில்லை.

மார்ச் முதல் வாரம் பைக்கை எடுத்துக்கொண்டு மேலப்பாளையம், முன்னீர்பள்ளம் வழியாகப் போனேன். சேரன்மகாதேவிக்கு முன்னாலேயே பத்தமடை வந்துவிடும். ரிஷிகேஷில் ஆசிரமம் வைத்திருந்த சுவாமி சிவானந்தர் 1887இல் பிறந்தது இந்த ஊரில்தான், ஆனால் ஊர்ப் பேரைச் சொன்னால் நமக்குப் பாய்தானே ஞாபகம் வருகிறது. புவிசார் குறியீடு வாங்கிய பாய். இங்கிலாந்து ராணி முடிசூட்டுக்கு இங்கிருந்து பாய் போன கதையை நான் நுழைந்த மூன்று கடையிலும் சொன்னார்கள். கதை கேட்டால் விலை ஏறும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

கடையில் கவுண்ட் கணக்குத்தான் பேச்சு, நெசவு எவ்வளவு நெருக்கம் என்பதற்கு அதுதான் அளவு. 50 என்றால் புழங்குகிற பாய். 100க்கு மேலே போனால் பட்டுப்பாய், துணி மாதிரி மடித்துக் கைப்பையில் வைக்கலாம். நான் கேட்டது 100, ஆறடிக்கு நாலடி, சிவப்புக் கரை, நடுவில் இரண்டு பெயர். 7,800 ரூபாய் சொன்னார்கள், 3,000 முன்பணம் கொடுத்தேன். ஏப்ரல் 20க்குள் தருவதாகப் பேச்சு.

நெய்கிறதைப் பார்க்க வேண்டும் என்று நச்சரித்ததில் பின்தெருவில் ஒரு வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். இந்தப் பாயை நெய்கிறவர்கள் பெரும்பாலும் இஸ்லாமியப் பெண்கள். திண்ணையை ஒட்டிய அறையில் முளை அடித்து மூங்கிலில் பாவு, அதாவது நீளவாட்டு நூல், கட்டியிருந்தது. ஐம்பது வயதிருக்கும் ஓர் அக்கா அதன்மேல் குறுக்கே போட்ட பலகையில் உட்கார்ந்து, நீளக் குச்சியின் நுனியில் ஒரு கோரையைச் செருகி, பாவுக்குள் அந்தக் கோடிவரை விட்டு, குச்சியை வெறுமனே இழுத்து, அச்சால் ஒரு தட்டுத் தட்டுகிறார். அவ்வளவுதான், ஒரு கோரை போட்டாயிற்று. கோரை என்றால் நாம் ஆற்றங்கரையில் பார்க்கிற தடிப்பில் இல்லை. பச்சையில் அறுத்து, கீறி, காயவைத்து, ஓடுகிற தண்ணீரில் ஒரு வாரம் போல ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து மறுபடி கீறியது. என் கையில் ஒன்றைக் கொடுத்தார், தையல் நூல் தடிமன்தான் இருக்கும். காலையிலிருந்து எவ்வளவு ஆச்சு என்று கேட்டேன். சாணில் பாதியைக் காட்டினார். அதற்குப் பிறகு நான் விலையைப் பற்றிப் பேசவில்லை.

“எழுத்து கட்டத்துலதான் வரும் தம்பி. வளைச்சு எழுதினா படிக்கட்டு மாரி ஏறி எறங்கும். நீங்க கட்டம் போட்டு எழுதித் தாங்க, அப்படியே நெய்ஞ்சு தாரேன்” என்றார். வீட்டுக்கு வந்து மகனுடைய கணக்கு நோட்டில் ராத்திரி ஒரு மணி வரை கட்டம் கட்டமாகப் பெயர் எழுதினேன். தமிழ் எழுத்தை நெய்வது லேசில்லை. பெரியப்பா பேர் ‘ஸ்’ என்று முடியும். ‘ஸ’வைக் கட்டத்துக்குள் அடைப்பதே பெரும்பாடு, அதற்கு மேலே புள்ளி வேறு. புள்ளிக்கு நாலு கட்டம் கறுப்படித்து மறுநாள் கடையில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

இனிமேல்தான் புலம்பல். ஏப்ரல் 20க்குப் போன் பண்ணினால் “நாளைக்கு”. 25க்கும் நாளைக்கு. நோன்பு மாதத்தில் தறியில் உட்காருவது குறைவு, பெருநாள் கழிந்துதான் வேகம் பிடிக்கும் என்று அப்புறம் சொன்னார்கள். அது நியாயம், நான் குறை சொல்லவே மாட்டேன், ஆனால் ஆர்டர் எடுக்கும்போதே சொல்லியிருந்தால் நான் தேதியை மாற்றிக் கேட்டிருப்பேன் அல்லவா? அசனத்துக்கு இரண்டு நாள் முன்னால் பாய் வந்தது. விரித்துப் பார்த்தால் புள்ளி இல்லை. என் தாளை நேரே தறிக்குக் கொடுக்காமல் கடைக்காரர் தன் நோட்டில் பார்த்து எழுதியிருக்கிறார், அதில் புள்ளி போய்விட்டது. போனில் கேட்டால் “யாரு சார் பாக்கப் போறா” என்கிறார். முன்னூறு ரூபாய் குறைத்தார்கள். கடைப் பேர் வேண்டாம், பிழைக்கட்டும்.

அசனத்தன்று ஐயர் ஜெபம் பண்ணி முடித்து, சாப்பாட்டுக்கு முன்னால் இரண்டு பேரையும் கூப்பிட்டோம். பெரியப்பா வர மறுத்து அடுப்படிப் பக்கம் நழுவினார், இரண்டு பையன்கள் போய்ப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். பாயை விரித்தோம். கூட்டம் கை தட்டுகிறது, பெரியம்மா குனிந்து முதலில் செய்தது பாயின் ஒரு மூலையைப் புரட்டிப் பின்பக்கம் பார்த்ததுதான். கட்டைவிரலால் கரையை ஓரமாகத் தடவிக்கொண்டே இரண்டடி போனார். முப்பது வருஷமாகப் பாய் புழங்கிய கை. “பின்னாடியும் முன்னாடி மாரியே இருக்கு” என்றார். அப்புறம் நிமிர்ந்து மைக் இருப்பதை மறந்து, “இதை நெய்ஞ்சது யாரு?” என்று கேட்டார். எனக்கு வீடு தெரியும், அந்த அக்கா பேர் தெரியாது. மேடையில் முழித்தேன்.

புள்ளியைப் பெரியப்பா உடனே கண்டுபிடித்துவிட்டார். “புள்ளி வைக்கலலா, அப்போ எனக்கு இன்னும் ரிட்டயர்மெண்ட் இல்ல” என்றார், கோயிலே சிரித்தது. உட்காரச் சொன்னோம், உட்கார்ந்தார், மே மாத வெக்கையில் வேர்த்த உடம்பு, எழுந்திருக்கும்போது வெள்ளை வேட்டியில் சிவப்பாக ஒரு கோடு. சாயம். இது நெசவின் குற்றமில்லை, சாயம் போட்டதில் அவசரம். நீங்கள் வாங்கினால் கடையிலேயே ஈர வெள்ளைத் துணியால் கரையை நன்றாகத் தேய்த்துப் பாருங்கள், வெட்கப்படாதீர்கள்.

எட்டு மாதமாகப் புழங்குகிறார்கள். எடுத்து வைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன், இல்லை, தினமும் ராத்திரி குடும்ப ஜெபத்துக்குக் கூடத்தில் விரிக்கிறார்கள், பேரப்பிள்ளைகள் புரளுகிறார்கள். ஒரு கோரை எழும்பவில்லை. சிவப்பு கொஞ்சம் மங்கி இப்போதுதான் பார்க்க நன்றாக இருக்கிறது, சாயமும் ஒட்டுவதில்லை. கோடையில் உட்கார்ந்தால் அந்தக் குளிர்ச்சி, பிளாஸ்டிக் பாயில் இதை எதிர்பார்க்கவே முடியாது. ஐப்பசி மழைக்குக் கடையில் கொடுத்த பாலிதீன் உறையிலேயே சுருட்டி வைத்ததில் பூஞ்சை வாடை வந்துவிட்டது. பெரியம்மா நிழலில் உலர்த்தி, பழைய பருத்திச் சேலையில் உறை தைத்துவிட்டார். அந்த உறையைக் கடைக்காரர்களே தைத்துக் கொடுக்கலாம், ஐம்பது ரூபாய் கூடக் கேட்டாலும் கொடுப்போம். ஐந்துக்கு நாலு போடுவேன். பாய்க்கு ஐந்து, கடைக்கு மூன்று, சராசரி பார்த்தால் அப்படித்தான் வருகிறது. இரண்டு மாதம் முன்னதாகச் சொல்லுங்கள், எழுதிய தாளைத் தறிக்கே கொண்டுபோங்கள், பாதி நெய்ததும் ஒருதரம் போய்ப் பார்த்துவிடுங்கள்.

கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் பெரியம்மா என்னிடம், “அந்தப் பிள்ளை வீட்டுக்கு என்னைக் கூட்டிட்டுப் போ” என்றார். பாயையும் சுருட்டி எடுத்துக்கொண்டு பஸ்ஸில் போனோம். நெய்த அக்கா புள்ளி இல்லாததைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டு, ஊசியில் கறுப்பு நூலைக் கோத்து இப்போதே வைத்துவிடுகிறேன் என்றார். “அது கெடக்கட்டும், அவுக அதைச் சொல்லித்தான் ஊரெல்லாம் சிரிச்சிக்கிட்டுத் திரியுதாக” என்று பெரியம்மா தடுத்துவிட்டார். பிறகு இரண்டு பேரும் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கரை தைப்பது பற்றிப் பேச ஆரம்பித்தார்கள், கோயில் பாய் 22இல் நாலு ஓரம் பிய்ந்து கிடக்கிறதாம். நான் வெளியே இரண்டு டீ குடித்துவிட்டு வந்தேன், அப்போதும் பேச்சு முடியவில்லை. திரும்பும்போது பெரியம்மா கையில் ஒரு கட்டு கழிவுக் கோரை இருந்தது. அதற்கு அந்த அக்கா காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டாராம்.