அப்பா படிக்கும்படி ஒரு க்ரப் பட்டியல்: ஆறு ஆண்டு அனுபவம்

எங்கள் வீட்டில் ஒரே மடிக்கணினி. அதில் எனக்கு டெபியன் என்ற லினக்ஸ், அப்பாவுக்கு விண்டோஸ் 10. கணினியை இயக்கியதும் எது வேண்டும் என்று கேட்கிறதே க்ரப் என்ற தொடக்க நிரல், அதன் பட்டியலை 2019 முதல் விதவிதமாக மாற்றிப் பார்த்துவருகிறேன். அழகுக்காகத்தான் தொடங்கினேன். கடைசியில் அது அப்பாவின் கண்ணாடியோடு போராடும் வேலையாகிவிட்டது.

முதல் ஆண்டு முழுவதும் தீம், அதாவது பட்டியலின் அலங்காரப் பைத்தியம். க்ரப் தீம் என்பது பெரிய மந்திரமில்லை. ஓர் அடைவு, அதற்குள் சில படங்கள், எது எங்கே நிற்க வேண்டும் என்று எழுதிய ஓர் உரைக்கோப்பு. அமைப்புக் கோப்பில் அதன் முகவரியை ஒரு வரியில் கொடுத்துவிட்டு 'அப்டேட்-க்ரப்' கட்டளையை ஓட்டினால் முடிந்தது. ஆனால் நான் ஆசையாக வைத்த பின்னணிப் படம் வரவே இல்லை. வெறும் கறுப்புத் திரை. இணையத்துக்காகச் சேமித்த, மங்கலாகத் தொடங்கிப் படிப்படியாகத் தெளியும் 'புரோகிரசிவ்' வகை ஜேபெக் அது. க்ரப்புக்குச் சாதாரண ஜேபெக் மட்டும்தான் படிக்கத் தெரியும். பிஎன்ஜி என்றாலும் 'இன்டர்லேஸ்' செய்யாமல் சேமித்திருக்க வேண்டும்.

படம் வந்த பிறகு அடுத்த ஏமாற்றம். என் திரை 1366×768. பட்டியலில் நின்று 'சி' விசையை அழுத்தி 'வீடியோஇன்ஃபோ' என்று கேட்டால், 1024×768, 800×600 என்று இரண்டே அளவுகளைக் காட்டியது. தாய்ப்பலகையின் மென்பொருள் தராத அளவைக் க்ரப் எங்கிருந்து கொண்டுவரும்? திரைக்கு ஏற்பப் படம் அகலவாக்கில் இழுபட்டு, வட்டமெல்லாம் முட்டையானது. அன்றோடு வட்டங்களை விட்டுவிட்டேன்; இடங்களைப் பிக்சலில் சொல்லாமல் விழுக்காட்டில் சொல்லப் பழகினேன்.

இடையில் ஒரு கோமாளித்தனமும் உண்டு. பட்டியல் வரும்போது கணினி 'பீப்' என்று ஒரு மெட்டு வாசிக்கும்படி க்ரப்பில் ஒரு வசதி இருக்கிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு ஒரே ஒரு முறை அது வாசித்தது. அம்மா எழுந்து வந்து நின்ற நிற்பில் எடுத்துவிட்டேன்.

உருப்படியாக நான் செய்த முதல் மாற்றம் எழுத்தின் அளவுதான். க்ரப்போடு வரும் யூனிஃபான்ட் எழுத்து 16 பிக்சல் உயரம். அப்பா திரையில் மூக்கை ஒட்டிக்கொண்டு படிப்பார். 'க்ரப்-எம்கேஃபான்ட்' கருவியால் டெஜாவு எழுத்துருவை 32 அளவில், க்ரப் படிக்கும் பிஎஃப்2 கோப்பாக்கித் தீமில் சேர்த்தேன். மூன்று ஆண்டுகள் நிம்மதி.

2022 இறுதியில் ஒரு புதுப்பிப்புக்குப் பிறகு எழுத்துகள் திடீரென்று பழைய அளவுக்குச் சுருங்கின. க்ரப்பின் எழுத்துருப் பகுதியில் பாதுகாப்பு ஓட்டைகள் கண்டுபிடிக்கப்பட்டிருந்தன. அதனால், மின்கையொப்பமுள்ள நிரல்களை மட்டுமே தொடக்கத்தில் ஓடவிடும் செக்யூர் பூட் என்ற காவல் இயங்கும் கணினியில், கையொப்பமில்லாத எழுத்துருவை ஏற்பதில்லை என்று முடிவெடுத்திருந்தார்கள். செக்யூர் பூட்டை அணைத்தால் தீரும். ஆனால் அணைத்தால், வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் பிட்லாக்கர் மீட்புச் சாவி கேட்டு நிற்கக்கூடும். அப்பாவின் கணக்குகளெல்லாம் அதற்குள் இருக்கின்றன. எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை.

அடுத்த ஆண்டு டெபியன் 12க்கு மாறினேன். பட்டியலில் விண்டோஸே இல்லை. க்ரப் 2.06 முதல், பிற இயங்குதளங்களைத் தேடும் 'ஓஎஸ்-புரோபர்' இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கும். அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்ததும் விண்டோஸ் திரும்பியது. நான் கவனிக்காதது, கூடவே நினைவகச் சோதனை என்று புதிதாக வேறொன்றும் அதற்கு மேலே வந்து உட்கார்ந்திருந்ததைத்தான்.

அப்பா பட்டியலைப் படிப்பதையே அதற்குள் நிறுத்தியிருந்தார். கீழ் அம்பு இரண்டு முறை, பிறகு என்டர். காபி எடுக்கப் போய்விடுவார். அன்று நான் வந்தபோது திரையில் பட்டியலே நின்றுகொண்டிருந்தது; கையொப்பமில்லாத அந்தச் சோதனையைச் செக்யூர் பூட் ஓடவிடவில்லை. அவர் எதிரில் நாளிதழை முடித்துவிட்டு இணைப்பிதழில் இருந்தார். "உன் கம்ப்யூட்டர் ஏதோ யோசிக்கிறதப்பா, முடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்" என்றார். நாற்பது நிமிடங்கள்!

சோதனையைப் பட்டியலில் சேர்க்கும் சிறுநிரலின் இயக்க அனுமதியைப் பிடுங்கினேன். கடைசியாகத் தேர்ந்ததையே நினைவில் வைக்கும் வசதியை நான் பயன்படுத்தாததற்கும் அந்த இரண்டு அம்புதான் காரணம். தொடங்கும் இடம் மாறினால் அவர் எண்ணிக்கை பிசகிவிடும்.

பெயரைத் தமிழில் போட்டால் அவர் மறுபடி படிப்பாரே என்று தோன்றியது. 'டெபியன்' என்று எழுதினேன். ட முதலில் வந்து, கொம்பு அதற்குப் பின்னால் நின்றது. படித்தால் 'டபெ' என்று ஏதோ வருகிறது. யூனிகோடில் மெய்க்குப் பிறகுதான் கொம்பு சேமிக்கப்படுகிறது; திரையில் இடம் மாற்றிக் காட்டுவது எழுத்தை வடிவமைக்கும் நிரலின் வேலை. க்ரப்புக்கு அரபு எழுத்துகளைக் கோத்துக் காட்டத் தெரியும். நம் கொம்பு தெரியாது.

அப்போதுதான் குறும்படங்கள் நினைவுக்கு வந்தன. ஒவ்வொரு இயங்குதளத்துக்கும் பெயர் பார்த்து ஒரு படம் வைக்கலாம். படங்களுக்குக் கையொப்பம் கேட்பதில்லை. கிம்ப்பில் 320×64 அளவில் நோட்டோ எழுத்துருவால் 'டெபியன்' என்று ஒன்று, 'அப்பா' என்று ஒன்று வரைந்து, விண்டோஸ் படம் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டாவதை வைத்தேன். தீமில் குறும்பட அகலத்தையும் வரிசை உயரத்தையும் கூட்டி, பக்கத்தில் வரும் ஆங்கில எழுத்தின் நிறத்தைப் பின்னணியோடு ஏறத்தாழக் கரைத்துவிட்டேன். படமில்லாத மற்ற வரிகள் மங்கலாகக் கிடக்கின்றன. அம்பு அங்கே போனால் மட்டும் வெளுத்துத் தெரியும். அப்பா முதல் நாள் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் இரண்டு அம்புக்குப் பிறகு ஒரு நொடி நின்று, தன் பெயரைப் பார்த்த பிறகே என்டர் தட்டுகிறார்.

நடுவில் ஒரு மாதம், க்ரப்புக்குப் பதிலாக ரீஃபைண்ட் என்ற வேறொரு தொடக்க நிரலையும் வைத்துப் பார்த்தேன். படங்கள் அதில் இன்னும் அழகு. இயங்குதளங்களை ஒவ்வொரு முறையும் தானே தேடிக்கொள்கிறது. செக்யூர் பூட்டுக்காகச் சாவியைக் கையால் பதிய வேண்டியிருந்தது, அது எனக்குப் பிடிக்கவில்லை. க்ரப்புக்கே திரும்பிவிட்டேன்.

என் ஏற்பாட்டிலும் ஒரு குறை உண்டு. லினக்ஸின் மையநிரலான கர்னலின் பழைய பதிப்பைத் தேடிக் கூடுதல் தேர்வுகளுக்குள் போனால், ஒவ்வொரு வரிக்கும் அதே படம்: டெபியன், டெபியன், டெபியன், டெபியன். எது எந்தப் பதிப்பு என்று மங்கலான எழுத்தில் நான்தான் இப்போது மூக்கை ஒட்டிப் படிக்கிறேன். அடுத்த கர்னல் வந்தால் அந்த வரிசையில் இன்னும் இரண்டு டெபியன் சேரும்.