நான்கு நகரங்கள், இரண்டு இடங்கள்: எம்.எல்.எஸ். அணிக்கு நடந்த போட்டியில் யார் தகுதியானவர்?

அமெரிக்காவின் உச்சக் கால்பந்து லீக்கான மேஜர் லீக் சாக்கரில், அதாவது எம்.எல்.எஸ்-இல், ஒரு அணி ஆடி ஜெயித்து உள்ளே வர முடியாது. கீழ் லீக்கில் கோப்பை மேல் கோப்பை வாங்கினாலும் மேலே ஏற்றிவிடும் வழக்கம் அங்கே இல்லை. லீக் எப்போதாவது கதவைத் திறக்கும், அப்போது பணம், இடம், ஆதரவு மூன்றையும் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற நகரம்தான் உள்ளே போகும். ஐ.பி.எல்-லில் 2021-இல் லக்னோ 7,090 கோடி ரூபாய்க்கும் அகமதாபாத் 5,625 கோடிக்கும் போனது, அங்கே அதிக விலை சொன்னவருக்கு அணி. எம்.எல்.எஸ்-இல் விலையை லீக்கே முன்கூட்டி அறிவித்துவிடும். 2017-இல் அது 15 கோடி டாலர். எல்லோரும் அதே விலையைக் கொடுக்கத் தயார் என்றால், அப்புறம் எதைப் பார்த்து ஆளை எடுப்பது என்பதுதான் விஷயமே.

2017 ஜனவரி 31 கெடுவுக்குள் 12 ஊர்கள் விண்ணப்பித்தன. அந்த வருடக் கடைசியில் நான்கு மிஞ்சின: சின்சினாட்டி, நாஷ்வில், சாக்ரமெண்டோ, டெட்ராய்ட். உரிமையாளரின் பண பலம், மைதானத் திட்டம், ஊரில் இருக்கும் ரசிகர் பலம் என்று மூன்றைத்தான் லீக் முக்கியமாகப் பார்த்தது. இதில் லீக் அதிகம் நம்புவது முதலாவதை. எனக்கு அதில்தான் தகராறு, ஏனென்றால் இந்த நான்கு ஊர்க் கதையில் சாக்ரமெண்டோவைக் கைவிட்டது அதுதான்.

முதலில் ரசிகர்கள். இதில் சின்சினாட்டியை மிஞ்ச ஆளில்லை. எஃப்.சி. சின்சினாட்டி என்ற கிளப் பிறந்ததே 2015-இல், ஆட ஆரம்பித்தது 2016-இல், அதுவும் கீழ் லீக்கில், பல்கலைக்கழகத்தின் நிப்பர்ட் ஸ்டேடியத்தில். அடுத்த வருடமே, மேல் லீக், கீழ் லீக் கிளப்புகள் கலந்து ஆடும் யு.எஸ். ஓப்பன் கோப்பையில் கொலம்பஸ் க்ரூவையும் சிகாகோ ஃபயரையும் வீழ்த்தி அரையிறுதிக்குப் போய்விட்டது. இரண்டும் எம்.எல்.எஸ். அணிகள், இரண்டு ஆட்டத்துக்கும் 30,000 பேருக்கு மேல் வந்தார்கள். அரையிறுதியில் நியூயார்க் ரெட் புல்ஸிடம் கூடுதல் நேரத்தில் 3-2 என்று தோற்றது, அப்போதும் ஸ்டேடியம் நிறைந்துதான் இருந்தது. இரண்டு வயதுக் கிளப்புக்கு இவ்வளவு கூட்டம் வந்தால் எந்த லீக் வேண்டாம் என்று சொல்லும்?

சாக்ரமெண்டோவின் பலம் வேறு மாதிரி. சாக்ரமெண்டோ ரிபப்ளிக் 2014-இல் ஆட வந்த முதல் சீசனிலேயே கீழ் லீக் கோப்பையைத் தூக்கியது. அவர்களுடைய மைதானம் சுமார் 11,000 பேருக்கானது, சின்சினாட்டி அளவுக்குப் பெரிய எண்ணிக்கை காட்ட அங்கே இடமே இல்லை. ஆனால் எம்.எல்.எஸ். வேண்டும் என்று மற்றவர்களுக்கு முன்பிருந்தே கேட்டுக்கொண்டிருந்த ஊர் அது.

நாஷ்வில் இந்தக் கணக்கில் பின்தங்கித்தான் இருந்தது. விண்ணப்பித்தபோது சொல்லிக்கொள்ளும்படி ஒரு தொழில்முறைக் கிளப்கூட ஆடவில்லை. ஆனால் 2017 ஜூலையில் வட, மத்திய அமெரிக்க நாடுகள் ஆடும் தங்கக் கோப்பைக்காக அமெரிக்காவும் பனாமாவும் மோதியபோது 47,000 பேர், அதே மாதம் மான்செஸ்டர் சிட்டி - டாட்டன்ஹாம் நட்பு ஆட்டத்துக்கு 56,000 பேர் என்று கூட்டம் வந்தது. நட்பு ஆட்டத்துக்கு வருகிறவர்கள் ஒவ்வொரு வாரமும் உள்ளூர் அணிக்கு வருவார்களா என்பது வேறு விஷயம். இருந்தாலும் லீக்குக்கு அது போதுமானதாக இருந்தது.

டெட்ராய்ட்தான் விசித்திரம். அங்கே ரசிகர்கள் இருந்தார்கள், ஆனால் விண்ணப்பத்துக்கு எதிர்ப்பக்கம் நின்றார்கள். டெட்ராய்ட் சிட்டி எஃப்.சி. 2012-லிருந்து ஆடுகிற கிளப். டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்ட்ராமக்கில் 1936-இல் கட்டிய கீவொர்த் ஸ்டேடியம் சிதிலமாகிக் கிடந்தது. அதைச் சரிசெய்ய ரசிகர்களும் அக்கம்பக்கத்து ஆட்களும் ஆளுக்குக் கொஞ்சமாகக் கடன் கொடுத்து 7 லட்சம் டாலருக்கு மேல் திரட்டினார்கள், 2016-இல் கிளப் அங்கே குடிபோனது. எம்.எல்.எஸ். விண்ணப்பத்தைப் போட்டது இவர்கள் இல்லை. போட்டவர்கள் டான் கில்பர்ட், டாம் கோர்ஸ் என்ற இரண்டு கோடீஸ்வரர்கள். கீவொர்த்தில் பாடிக்கொண்டிருந்தவர்களுக்கு அந்த விண்ணப்பமே வேண்டாத விருந்தாளியாகத்தான் தெரிந்தது.

சரி, மைதானம். இங்கேதான் டெட்ராய்ட் சறுக்கியது. முதலில் நகர மையத்தில், பாதியில் நின்றுபோன ஒரு சிறைக் கட்டட இடத்தில் புதிய ஸ்டேடியம் என்றார்கள். கடைசி நேரத்தில், 2017 நவம்பரில், அதெல்லாம் வேண்டாம், ஃபோர்டு ஃபீல்டிலேயே ஆடுகிறோம் என்று மாற்றினார்கள். அது பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடும் ‘அமெரிக்கன் ஃபுட்பால்’ ஆட்டத்துக்காகக் கட்டியது, மேலே நிரந்தரக் கூரை, கீழே செயற்கைப் புல். கால்பந்துக்கென்றே ஸ்டேடியம் கேட்கிற லீக்கிடம் இதைக் கொண்டு போனால் என்ன நடக்கும் என்று தெரியாதா? கூரையைத் திறந்து மூடும்படி மாற்றலாமா என்று யோசித்தார்கள், அதுவும் ஆகவில்லை.

நாஷ்வில் இதில் எல்லோரையும் தாண்டியது. 2017 நவம்பரில் நகர மன்றம் 31-6 என்று வாக்களித்து, கண்காட்சித் திடலில் ஸ்டேடியம் கட்ட 22.5 கோடி டாலர் கடன் பத்திரங்களுக்கு ஒப்புதல் கொடுத்தது. உரிமையாளர் ஜான் இங்கிரம், மேயர், நகர மன்றம் என்று எல்லோரும் ஒரே பக்கம். டிசம்பர் 20-ஆம் தேதி, லீக்கின் இரண்டு இடங்களில் முதலாவது அவர்களுக்கே போனது.

சின்சினாட்டிக்கு இது சுலபமாக இல்லை. ஸ்டேடியத்துக்குத் தேர்ந்தெடுத்த இடம் வெஸ்ட் எண்ட், கறுப்பின மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பகுதி. நெடுஞ்சாலைக்காகவும் நகரச் சீரமைப்புக்காகவும் அந்தப் பக்கத்தை ஏற்கெனவே ஒருமுறை இடித்துத் தள்ளி, சுமார் 25,000 பேரை வெளியேற்றியிருந்தார்கள். அதனால் மறுபடியும் ஒரு பெரிய கட்டடம் வருகிறது என்றதும் வாடகை ஏறிவிடும், நம்மைக் கிளப்பிவிடுவார்கள் என்று அங்கே இருந்தவர்கள் பயந்ததில் நியாயம் இருந்தது. டாஃப்ட் உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டு மைதானம் இருந்த இடமும் தேவைப்பட்டது, பதிலுக்குப் பக்கத்திலேயே பள்ளிக்கு ஒரு புது மைதானத்தைக் கிளப் கட்டிக் கொடுத்தது. ஸ்டேடியச் செலவு கிளப்புடையது, சுற்றியிருக்கும் அடிப்படை வசதிகளுக்கு மட்டும் நகரத்தின் பணம். அதற்கே நகர மன்றத்தில் 5-4 என்றுதான் தேறியது. 2018 மே 29-இல் லீக்கில் இடம் கிடைத்தது. நாஷ்விலின் 31-6-ஐ விட இந்த 5-4 எனக்குப் பெரிதாகத் தெரிகிறது, எதிர்த்தவர்களின் பேச்சு அங்கே கணக்கில் ஏறியதால்.

இப்போது உரிமையாளர் விஷயம். சாக்ரமெண்டோவிடம் ரயில்யார்ட்ஸ் பகுதியில் நிலம் இருந்தது, ஸ்டேடியத் திட்டத்துக்கு நகரத்தின் ஒப்புதல் இருந்தது, ரசிகர்கள் இருந்தார்கள். போதுமான பணமுள்ள பெரிய உரிமையாளர் இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத்தான் நிறுத்தி வைக்கப்பட்டது. அப்புறம் கோடீஸ்வரர் ரான் பர்க்கிள் வந்தார், 2019 அக்டோபர் 21-இல் லீக்கில் இடம் அறிவிக்கப்பட்டது, கட்டணம் அதற்குள் 20 கோடி டாலர் ஆகியிருந்தது. ஊரே கொண்டாடியது. 2021 பிப்ரவரியில் பர்க்கிள் விலகினார், அத்தோடு எல்லாம் போனது.

நாஷ்விலிலும் சிக்கல் வராமல் இல்லை. புது மேயர் ஜான் கூப்பர் வந்ததும் திடலில் இடிப்பு வேலைக்கு அனுமதி தராமல் இழுத்தார், 2020 பிப்ரவரியில் இங்கிரம் கூடுதல் செலவைத் தன் தலையில் போட்டுக்கொண்ட பிறகுதான் வழிவிட்டார். ஆனாலும் மன்றத்தின் வாக்கு இருந்ததால் திட்டம் சாகவில்லை, 2022 மே 1-இல் 30,000 பேருக்கான ஸ்டேடியம் திறந்தது. சாக்ரமெண்டோவிலும் நகரம் பின்வாங்கவில்லை, ரசிகர்களும் பின்வாங்கவில்லை. போனது ஒரே ஒரு ஆள்.

ஆட்டத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் சின்சினாட்டி முதல் மூன்று சீசனும் கடைசி இடம், 2023-இல் லீக்கிலேயே அதிகப் புள்ளி எடுத்து சப்போர்ட்டர்ஸ் ஷீல்டு வாங்கியது. நான்கில் எனக்கு முதல் இடம் அதற்குத்தான், இரண்டாவது சாக்ரமெண்டோவுக்கு, நாஷ்விலுக்கு இல்லை. ஏன் என்றால் 2022-ஐப் பாருங்கள். கதவைச் சாத்திய அடுத்த வருடம், அதே ரிபப்ளிக் ஓப்பன் கோப்பையில் சான் ஹோசே, எல்.ஏ. கேலக்ஸி, ஸ்போர்ட்டிங் கன்சாஸ் சிட்டி என்று வரிசையாக மூன்று எம்.எல்.எஸ். அணிகளை வெளியேற்றி இறுதிப் போட்டிக்குப் போனது. ஓர்லாண்டோவிடம் 3-0 என்று தோற்றது, ஆனால் இதற்கு மேல் எதைக் காட்டித் தகுதியை நிரூபிப்பது?

2023-இல் சான் டியேகோ சுமார் 50 கோடி டாலர் கொடுத்து முப்பதாவது அணியாக நுழைந்தது. 2024 நவம்பரில் வில்டன் ராஞ்செரியா பழங்குடியினர் ரிபப்ளிக்கின் பெரும்பங்கை வாங்கினார்கள். அந்த மண்ணிலேயே வேரூன்றியவர்கள், மூட்டை கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போகிறவர்கள் இல்லை. லீக் அடுத்த அணியைப் பற்றிப் பேசினால் முதலில் கூப்பிட வேண்டியது சாக்ரமெண்டோவை, கேட்க வேண்டியது 2019-இல் சொன்ன அதே 20 கோடி டாலரை.